சைக்கிள் பந்தயமும் உலாவும்

ரோலான் பார்த் 1957-ல் வெளியிட்ட 'மிதாலஜீஸ்' தொகுப்பில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. மல்யுத்தம், சோப்புத்தூள், ஒயின், ஐன்ஸ்டீனின் மூளை என்று அன்றாடச் சில்லறைகளைக் கையிலெடுத்துப் பிரித்துப் பார்த்த புத்தகம் அது. 1972-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்தக் கட்டுரை விடுபட்டுப் போயிற்று. 1979-ல், ஈபில் கோபுரத்தைத் தலைப்பில் கொண்ட இன்னொரு தொகுப்பில் ஆங்கில வாசகனுக்குக் கிடைத்தது. நம்மிடையே பார்த்தைப் பற்றிப் பேசியவர்கள் ஆசிரியனின் மரணத்தைப் பற்றிப் பேசினார்கள். அவர் சைக்கிளைப் பற்றி எழுதியதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பார்த்தின் கட்சி இது: டூர் டி பிரான்ஸ் ஒரு காப்பியம். பந்தயக்காரர்களின் பெயர்கள் பழைய குலப்பெயர்களைப் போல ஒலிக்கின்றன. நிலம் வெறும் நிலமாக இல்லாமல் குணமும் கோபமும் கொண்ட பாத்திரமாகிறது. வாந்தூ என்கிற மொட்டை மலை பலி கேட்கும் தீய தெய்வம். (பத்து வருடம் கழித்து, 1967 ஜூலை 13-ல், டாம் சிம்ப்ஸன் என்ற ஆங்கிலேயர் அந்த மலையேற்றத்தில் விழுந்து இறந்தார். பார்த் ஜோசியம் சொல்லவில்லை. ஆனால் கட்டுரையை இன்று படிக்கிறவனால் அந்த வரியை வெறும் உருவகமாகப் படிக்க முடிவதில்லை.) வீரம், துரோகம், தியாகம், தெய்வ அருள் எல்லாம் இருக்கிறது. ஆகவே காப்பியம்.

வருடா வருடம் ஜூலையில் இந்தப் பந்தயத்தை டெலிவிஷனில் பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. பார்த் பகுத்துக் காட்டுவது பெரும்பாலும் பத்திரிகைகளின் மொழியைத்தான். அவர் காலத்தில் அது நியாயமும்கூட. இந்தப் பந்தயமே ஒரு பத்திரிகையின் சிருஷ்டி. 'லோத்தோ' என்ற விளையாட்டு நாளிதழ், போட்டிப் பத்திரிகையை அடித்துத் தள்ளுவதற்காக 1903-ல் ஆரம்பித்தது. ஆறு கட்டங்கள், 2428 கிலோமீட்டர், புறப்பட்டவர்கள் அறுபது பேர், வந்து சேர்ந்தவர்கள் இருபத்தோரு பேர். ஆசிரியர் ஆன்ரி தெக்ராஞ்ஜ். அந்தப் பத்திரிகை மஞ்சள் காகிதத்தில் அச்சானது. முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் பனியன் 1919-ல் வந்தது. சாலையோரத்தில் நின்றவனுக்குக் கிடைத்தது என்ன? புழுதி, சில முகங்கள், ஒரு நிமிஷம். மீதி முழுவதையும் மறுநாள் காலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. காணாததைச் சொல்லவேண்டிய எழுத்து காப்பியமாகத்தான் வீங்கும். குருக்ஷேத்திரத்தைத் திருதராஷ்டிரன் பார்க்கவில்லை. சஞ்சயன் சொல்லக் கேட்டான்.

நம் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் இந்த வியாதி உண்டு. கிரிக்கெட்காரர் வீரர், கேரம்காரர் வீரர், சதுரங்கம் ஆடுகிறவரும் வீரர். ஒரு சொல்லிலேயே காப்பியத்தை உள்ளே விட்டுவிடுகிறார்கள். நான் இங்கே சைக்கிள்காரர் என்றே எழுதப் போகிறேன்.

செவிலிமேட்டில் இதைப் பார்ப்பது எப்படி இருக்கிறது என்று சொல்லவேண்டும். பிரான்ஸில் மத்தியானம் புறப்படுகிறவர்கள் நமக்குச் சாயங்காலம் புறப்படுகிறார்கள். பாங்கில் கணக்கை முடித்து வீட்டுக்கு வரும்போது பாதித் தூரம் கடந்திருக்கும். ஒன்பது மணி சுமாருக்கு முடியும். ஆனியில் ஆரம்பித்து ஆடியில் முடிகிற சமாசாரம். கடைசி வாரத்தில் ஆல்ப்ஸோ பிரனேயோ வரும்போது தெருக்கோடியில் கூழ் ஊற்றும் அம்மன் கோவிலின் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். வர்ணனை ஒரு சொல்கூடக் காதில் விழாது. எனக்கு இதில் குறையில்லை. வர்ணனையாளர்கள் சஞ்சயனின் வாரிசுகள். சத்தம் போனபிறகு மிஞ்சுவதுதான் நான் பேச விரும்பும் விஷயம்.

மிஞ்சுவது என்ன? மணிக்கணக்கில் ஒன்றும் நடப்பதில்லை. கிட்டத்தட்ட நூற்றைம்பது பேர் கூட்டமாகப் போகிறார்கள். நாலு பேர் முன்னால் தனியாகப் போகிறார்கள். சூரியகாந்தி வயல் வருகிறது, ஒரு பழைய மாதா கோவில் வருகிறது, ஆறு வருகிறது. ஹெலிகாப்டர் அவற்றையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி சாலைக்கு வருகிறது. மோட்டார் சைக்கிளின் பின்ஸீட்டில் உட்கார்ந்த காமிராக்காரர் ஒருவரின் கெண்டைக்காலைக் காட்டுகிறார். இன்னொரு மோட்டார் சைக்கிளில் வருகிற ஆள், முன்னால் போகிறவர்களுக்கும் பின்னால் வருகிற கூட்டத்துக்கும் இடையே எத்தனை நிமிஷம் என்று கறுப்புப் பலகையில் சாக்கட்டியால் எழுதிக் காட்டுகிறார். இத்தனை ஹெலிகாப்டர்களுக்கு நடுவே அந்தச் சாக்கட்டியை எனக்குப் பிடித்திருக்கிறது.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை; தொழில் புத்தி. டூர் டி பிரான்ஸில் ஜெயிப்பது என்றால் மூன்று வாரத்து நேரங்களைக் கூட்டிப் பார்க்கையில் கூட்டுத்தொகை எல்லோருடையதையும்விடக் குறைவாக இருப்பது. அவ்வளவுதான். ஒருநாள்கூட முதலில் வராமல் முழுப் பந்தயத்தையும் ஜெயிக்கலாம். 1990-ல் கிரெக் லெமாண்ட் அப்படி ஜெயித்தார். 2017-ல் கிறிஸ் ப்ரூமும் அப்படித்தான். அதே லெமாண்ட் 1989-ல், மூன்று வாரம் ஓட்டியபிறகு, லொரான் பீன்யோனை எட்டு வினாடியில் முந்தினார். காப்பியத்தில் அர்ஜுனன் ஒரு போரிலும் ஜெயிக்காமல், மொத்த வரவுசெலவில் தேறிப் பாரதத்தை ஜெயித்தான் என்று எழுத முடியாது. இங்கே பேரேடுதான் ஜெயிக்கிறது. பார்த்தின் வாதத்தில் முதல் ஓட்டை இது.

சரி, காப்பியம் இல்லையென்றால் என்ன? நம்மிடம் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. உலா.

இதைச் சொன்னால் நவீனத்துவ நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். பிரபந்த வகைகள் என்றாலே நமக்கு ஒரு கசப்பு. வாய்ப்பாடு, துதி, ஜமீன்தார் கொடுத்த சன்மானம். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களும் வரிசையாக நின்று, வீதியில் வருகிறவனைப் பார்த்து, வளை கழன்று, பசலை பூத்து, மயங்கி விழுகிற சடங்கு அலுப்பூட்டுவதுதான். ஆனால் அந்த உருவத்துக்குள் இருக்கும் ஒரு கண்டுபிடிப்பை நாம் கவனிக்கவில்லை. உலாவில் தலைவன் ஒன்றும் செய்வதில்லை. வருகிறான், போகிறான். நடப்பதெல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான். பார்வையையே பொருளாகக் கொண்ட ஓர் இலக்கிய உருவம் வேறு எங்கே இத்தனை பிடிவாதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்று அடுத்தடுத்து மூன்று தலைமுறைச் சோழர்கள் மேல் உலா பாடினார். அரசன் மாறுகிறான், தெரு மாறுவதில்லை. ஜூலை ஜூலையாகத் திரும்பிவரும் பந்தயத்தைப் பார்க்கிறவனுக்கு இது புரியும். யார் ஜெயித்தார்கள் என்பது நாலு வருடத்தில் குழம்பிப்போகிறது. வளைந்து வளைந்து ஏறும் சாலை குழம்புவதில்லை.

நாவல் ஒன்றைப் புகழவேண்டுமென்றால் 'காவியத் தன்மை' என்று எழுதிவிடுகிற விமர்சனம் நம்முடையது. பெரியதெல்லாம் காவியம். கடந்துபோகிற ஒன்றை நின்று பார்க்கும் அனுபவத்துக்கு நம் விமர்சனத்தில் சொல் இல்லை. நம் இலக்கியத்தில் உருவமே இருந்தது.

இந்த ஊரில் இதற்கு ஏட்டுப் படிப்பு வேண்டியதில்லை. சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்குப் போகிறார். செவிலிமேடு வழியில் இருக்கிற ஊர். மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று, தூசி மாதிரியான கிராமங்களைக் கடந்து போகும் நீண்ட பயணம். இங்கே நிற்கிறவனுக்குக் கிடைப்பது சில நிமிஷங்கள். குடை தெரியும், தீவட்டி தெரியும், ஜனங்களின் கழுத்துகளுக்கு மேல் ஒரு மாலை தெரியும், போய்விடும். பிறகு தெருவில் மிதிபட்ட துளசியும் பலூன்காரனும். பிரான்ஸில் சாலையோரம் நிற்பவர்களுக்கும் இதேதான். 1930-லிருந்து பந்தயத்துக்கு முன்னால் விளம்பர வண்டிகளின் ஊர்வலம் ஒன்று போகிறது. சாவிக்கொத்து, தொப்பி, மிட்டாய் என்று வீசிக்கொண்டே போவார்கள். ஜனங்கள் முண்டியடித்துப் பொறுக்குவார்கள். பிரசாதத்துக்காகவே வருகிறவர்கள் அங்கேயும் உண்டு.

ஆனால் உலா என்று சொல்லிவிட்டதோடு தீரவில்லை. வரதரைப் பார்க்கும்போது கண் எங்கே போகவேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோளைப் பார்ப்பதற்காக யாரும் நிற்பதில்லை. அந்தத் தோள்களில் காய்த்துப்போன சதை இருக்கிறது. நடையில் ஒரு கணக்கு இருக்கிறது. தண்டைத் தோள் மாற்றுவதில் ஒரு லாகவம் இருக்கிறது. உலா பாடிய கவிகள் பார்ப்பவளின் பருவத்தை ஏழாகப் பிரித்தார்கள். சுமக்கிறவனின் வயதைக் கேட்டதில்லை.

டெலிவிஷனில் பார்க்கும் பந்தயம் இந்த இடத்தில்தான் பழைய உலாவைவிட்டு விலகுகிறது. இங்கே எழுந்தருளுகிறவரும் சுமக்கிறவரும் பக்கத்தில் பக்கத்தில் போகிறார்கள். ஒரு குழுவில் எட்டுப் பேர். ஒருவருக்காக ஏழு பேர். காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் போகிறவனின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் கணிசமான உழைப்பு மிச்சமாகிறது. இந்த ஒரு பௌதிக உண்மையிலிருந்துதான் பந்தயத்தின் தர்மம் முழுவதும் பிறக்கிறது. ஆகவே ஏழு பேரும் முறைவைத்துக் காற்றை வாங்குகிறார்கள். பின்னால் வரும் காருக்குப் போய்த் தண்ணீர் புட்டிகளைப் பனியனுக்குள் திணித்துக்கொண்டு மறுபடி மேலேறி வருகிறார்கள். தலைவரின் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றித் தருகிறார்கள். பிரெஞ்சில் இவர்களுக்கு 'தொமெஸ்தீக்' என்று பெயர். வீட்டு வேலைக்காரன் என்று அர்த்தம். பட்டத்தை வழங்கியவர் நம் ஆசிரியர் தெக்ராஞ்ஜ்தான். 1911-ல் இன்னொருவருக்கு உதவியாக ஓட்டிய மொரீஸ் ப்ரோக்கோவைத் திட்டுவதற்காக. காப்பியம் எழுத உட்கார்ந்தவருக்கு வேலைக்காரன் பக்கத்தைக் கெடுக்கிறான் என்ற எரிச்சல்.

1934-ல் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. ரெனே வியத்தோ, இருபது வயது, முன்பு ஹோட்டலில் எடுபிடியாக இருந்தவர். மலைகளில் எல்லோரையும்விட நன்றாக ஏறிக்கொண்டிருந்தவர். தலைவர் அந்தோனின் மாஞ்ஞின் சக்கரம் உடைந்துவிட, தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரக் கல்சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் முன்சக்கரம் இல்லாத சைக்கிள். உதவி வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அழுகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. மறுநாளும் மாஞ்ஞுக்கு வண்டி கெட்டது. வியத்தோ வந்த வழியே திரும்பிப் போய்ச் சைக்கிளைக் கொடுத்தார். மாஞ்ஞ் ஜெயித்தார். வியத்தோ ஐந்தாவதாக வந்தார். டூரை அவர் ஒருபோதும் ஜெயிக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இதைத் தியாகம் என்று காப்பியத்தில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அந்தப் படத்தில் தியாகம் தெரியவில்லை. வேலை கெட்டுப்போய்ச் சும்மா உட்கார நேர்ந்த தொழிலாளியின் முகம்தான் தெரிகிறது. பாவு அறுந்து தறி நிற்கும்போது எங்கள் தெருவில் அந்த முகத்தைப் பார்க்கலாம்.

தறி என்றதும் சொல்ல வேண்டியது. காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வை போடுவதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்; ஒருவரால் ஆகாது. தறியின் ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தரவேண்டும். ஒரு காலத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். பிறகு பெரும்பாலும் மனைவி. உடலும் கரையும் சேரும் கோட்டை விரலால் தடவி, கோர்வை அழகாக விழுந்திருக்கிறது என்கிறார்கள் புடவை வாங்குகிறவர்கள். என் கவுண்டருக்கு வரும் நெசவுக் கணக்குகளில் தறிக்கு ஒரு பெயர்தான் எழுதியிருக்கும்.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வரலாம். தமிழ்நாட்டில் தொழில்முறைச் சைக்கிள்காரரை வருடாவருடம் பார்க்கும் சுகம் டெலிவிஷனுக்கு முன்பே இருந்தது. ஊர்த் திடலில் நடுக்கம்பம் நட்டு, டியூப்லைட் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, ஐந்து நாளோ ஏழு நாளோ இறங்காமல் சைக்கிள் சுற்றுகிறவர். சாப்பாடு சைக்கிளில், குளியல் சைக்கிளில், சவரம் சைக்கிளில். குனிந்து தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டை வாயால் கவ்வி எடுப்பார். ராத்திரியில் ரிகார்ட் டான்ஸ், கடைசி நாளில் நோட்டு மாலை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சிறுவனாக இதைப் பார்த்தேன், அப்போதே அருகிவிட்டது. இதை வெறும் வித்தை என்று தள்ளுகிறவர்கள் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கேட்டுப் பார்க்கவேண்டும். 1891-ல் நியூயார்க்கின் மேடிஸன் ஸ்கொயர் கார்டனில் ஆறு நாள் பந்தயம் ஆரம்பித்தார்கள். தூக்கமின்றிப் பித்துப்பிடிக்கும் வரை ஒவ்வொருவரும் தனியாகச் சுற்றினார்கள். ஜனங்கள் அந்தப் பித்தைப் பார்க்கவே சீட்டு வாங்கினார்கள். ஒருவர் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று அங்கே சட்டம் வந்தபின் இருவர் சேர்ந்து மாற்றி மாற்றி ஓட்டும் பந்தயம் பிறந்தது; இன்றும் அதற்கு மேடிஸன் என்றே பெயர். நம் சைக்கிள்காரருக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை, மாற்றாளும் இல்லை. அவர் எங்கும் போகவுமில்லை. பள்ளிக்குப் போகும்போது பார்த்த ஆள் திரும்பும்போதும் அதே வட்டத்தில். உலாவைத் தலைகீழாகக் கவிழ்த்த உருவம்: நின்று பார்க்கிறவர்கள் போய்விடுவார்கள், சுற்றுகிறவர் அங்கேயே இருப்பார்.

அவரைச் சுற்றி ஒரு சந்தேகமும் எப்போதும் சுற்றியது. ராத்திரி மூணு மணிக்கு இறங்கித் தூங்குகிறாராம். கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று போர்வையோடு போய்த் திடலில் படுத்திருந்த பையன்கள் உண்டு. அவர்கள் தூங்கிவிடுவார்கள், கண் விழித்துப் பார்க்கையில் சைக்கிள் சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சியில்லை.

பந்தயத்தைப் பார்ப்பதன் சுகம் இங்கேதான் சிக்கலாகிறது. 1999 முதல் 2005 வரை ஏழு முறை தொடர்ந்து டூரை ஜெயித்த லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள், ஊக்கமருந்துக்காக 2012-ல் பறிக்கப்பட்டன. அந்த ஏழு வருடங்களுக்கு வேறு யாரையும் ஜெயித்தவராக அறிவிக்கவில்லை, பட்டியலில் வெற்றிடம். நான் பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு. திருட்டுப் போன வீட்டுக்குக் குடிவந்தவனைப் போல, பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே பார்க்க வேண்டியிருக்கிறது.

காப்பியம் இதைத் தாங்கும். பாரதத்தில் கிருஷ்ணன் செய்யாத சூழ்ச்சியா? தொடையில் அடிக்கச் சொன்னான், பொய் சொல்லச் சொன்னான்; காப்பியம் அதையும் விழுங்கி ஏப்பம் விட்டது. பார்த்தின் கட்டுரையில் மருந்து எடுப்பது கடவுளிடமிருந்து பொறியைத் திருடுவதற்கு ஒப்பான பாவமாக வருகிறது. பாவமும் காப்பியத்துக்கு உணவுதான். ஆர்ம்ஸ்ட்ராங்கின் வீழ்ச்சியையும் இப்போது துன்பியலாக எழுதிச் சேர்த்துவிட்டார்கள்.

உலா என்று பார்க்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. யார் ஜெயித்தால் என்ன, கடந்துபோனதைப் பார்த்தோம், பார்த்தது பார்த்ததுதான் என்று சொல்லித் தப்பிக்கலாம் போலத் தோன்றும். முடியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது வெற்றியை அல்ல என்றால், உழைப்பைத்தான். மேட்டில் ஏறும் உடம்பின் மெதுவான, நேர்மையான செலவை. அந்தச் செலவுக் கணக்கிலேயே கள்ள நோட்டு புகுந்துவிட்டால் எனக்கு எதுவும் மிச்சமில்லை. வெற்றி பொய் என்றால் காப்பியக்காரன் வேறு வெற்றியைத் தேடிக்கொள்வான். களைப்பு பொய் என்றால் நான் எதைப் பார்ப்பது? மருந்து வேலைக்காரர்களுக்கும் போயிற்று என்பதுதான் இதில் கொடுமை. 1998-ல் பெஸ்தீனா என்ற குழுவின் காரில் மருந்துகள் பிடிபட்டபோது வெளியேற்றப்பட்டது ஒரு தலைவர் மட்டுமல்ல, குழு முழுவதும்.

ஆகவே கடைசி மலையில், தலைவர்கள் தாவும் நேரத்தில், நான் வேறு இடத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். மேட்டின் அடிவாரத்திலிருந்து ஒருவர் குழுவை இழுத்துவருவார். வாய் திறந்திருக்கும், தோள்கள் ஆட ஆரம்பித்திருக்கும். ஒரு வளைவில் அவர் சட்டென்று ஓரமாக ஒதுங்குவார். அவர் வேலை முடிந்தது. பின்னால் வந்தவர்கள் அவரைக் கடந்து போவார்கள், ஏறக்குறைய நின்றுவிடுவார். காமிரா அரை வினாடி அவர் மேல் இருந்துவிட்டு முன்னால் ஓடிவிடும். அவருக்கு இன்னும் பல கிலோமீட்டர் மேடு பாக்கியிருக்கிறது. ஜெயித்தவரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டிக் கெடு வைத்திருக்கிறார்கள். அதற்குள் வந்து சேராவிட்டால் மறுநாள் ஓட்ட முடியாது. முப்பது நிமிஷமோ நாற்பது நிமிஷமோ கழித்து, அவரைப் போன்றவர்கள் கூட்டமாகச் சேர்ந்து வருவார்கள். அதற்குள் மேடையில் மஞ்சள் பனியனை மாட்டி, பூச்செண்டு கொடுத்து, ஒளிபரப்பை முடித்திருப்பார்கள். அவர் கெடுவுக்குள் வந்தாரா என்பதை மறுநாள் பட்டியலில், நூற்றிச் சொச்சமாவது இடத்தில், தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.